பின்னறைத் தூக்கம்

பிறந்த குழந்தை அழுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? ஆனால் மடிப்பின் வீட்டில் பிறந்தது அழவில்லை, ஊதியது. தொழிற்சாலையில் ஷிப்டு மாறும்போது ஊதுகிற சங்கு மாதிரி முதலில் சன்னமாக எடுத்து, பிறகு உச்சிக்குப் போய், அங்கேயே நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு முகம் கருஞ்சிவப்பாகி, பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு உயிர் போய் உயிர் வரும். அதனால் முறையாகப் பெயர் வைப்பதற்கு முன்பே அவளுக்குச் சங்கு என்ற பெயர் விழுந்துவிட்டது. வைத்தது ஊரார் இல்லை, பெற்ற அப்பன்தான். மனைவியின் அக்காவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. பச்சைக் குழந்தையை நல்ல வாயால் வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிடக்கூடாதா என்று போனில் திட்டினாள்.

அப்பனின் சொந்தப் பெயரும் யாருக்கும் ஞாபகம் இல்லை. டிரை கிளீனிங் கடையில் அவன் இஸ்திரி போட்டுக் கொடுத்த கால்சட்டையின் மடிப்பு ஒரு வாரம் உட்கார்ந்து எழுந்தாலும் கலையாது. அதனால் மடிப்பு. கடை கீழே, வீடு மேலே. முன்னால் துணி வாங்கிக்கொடுக்கிற மேசை, அதன் பின்னால் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த பெரிய மெஷின், பக்கத்தில் இஸ்திரி மேசை, அதற்கும் பின்னால் ஜன்னல் ஒன்றே ஒன்று வைத்த பின்னறை. மாடியில் ஓர் அறையும் சமையல்கட்டும். வேலைக்கு இறங்கி வரப் பன்னிரண்டு படி, அவ்வளவுதான் அவன் பயணம். இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவான்.

அந்த மெஷினுக்குத் தண்ணீர் கிடையாது. தண்ணீருக்குப் பதில் ஒரு கெமிக்கல் உள்ளே சுற்றி அழுக்கை எடுக்கும். கடையில் அதை மருந்து என்பார்கள். அலசி முடிந்ததும் அதே மெஷின் சூடான காற்றை ஊதி, மருந்தெல்லாம் போக உலர்த்தி, துணியை வெளியே தரும். கடை முழுக்க அந்த மருந்தின் வாசனைதான். வருகிறவர்கள் அதைச் சுத்தத்தின் வாசனை என்று நினைத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு அது தெரிவதே இல்லை. முதலாளியைக் கேட்டால், அவருக்கு மூக்கு இருப்பதே கண்ணாடி மாட்டத்தான்.

சங்குவைத் தூங்க வைக்கச் செய்யாத வித்தை இல்லை. தோளில் போட்டுத் தட்டினார்கள், மடியில் போட்டு ஆட்டினார்கள், துணியில் இறுக்கிச் சுற்றினார்கள், சுற்றியதை அவிழ்த்தார்கள். விளக்கை அணைத்தார்கள், அணைத்ததற்கும் அழுதாள், போட்டார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய்க் குறட்டை விட்டார்கள், யோசனை சொல்வதில் உள்ள சுகமே அதுதானே. டாக்டரிடம் காட்டியதற்கு, குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை, சில குழந்தைகள் இப்படித்தான், போகப் போகச் சரியாகிவிடும் என்று சிரித்தே அனுப்பிவிட்டார்கள். போதாக்குறைக்குக் குழாய் பதிக்கிறோம் என்று தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். காலையில் ஆரம்பித்தால் இருட்டும்வரை காங்கிரீட் உடைக்கிற மெஷின் தடதடவென்று சுவரையே அதிர வைக்கும். கண் அசந்த குழந்தையும் தூக்கிவாரிப் போட்டு எழுந்துகொள்ளும்.

ஒன்று மட்டும் பலித்தது. மடிப்பு வேலை முடிந்து, கைகூடக் கழுவாமல் மேலே வந்து அவளை வாங்கித் தோளில் சாய்த்தால், காலரில் மூக்கை வைத்துத் தேய்ப்பாள், இரண்டு விக்கல் விக்குவாள், அடங்கிவிடுவாள். அவனுக்குத் தலைகால் புரியாது. அப்பா பொண்ணு, அப்பா பொண்ணு என்று அறைக்குள் நடை போடுவான். மனைவிக்குச் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். பெற்றது நான், இவளுக்கு வேண்டியது இவர் சட்டை என்பாள்.

ஆனால் பகல் முழுக்க அவன் கீழே, அவர்கள் இருவரும் மேலே. ஒரு மத்தியானம் மனைவி படியிறங்கி வந்து, கத்திக்கொண்டிருந்த குழந்தையை அவன் இஸ்திரி மேசையில், மடித்து வைத்த சட்டைகளுக்கு நடுவே கிடத்தினாள். தலை வாரியிருக்கவில்லை. காலில் செருப்பு ஒன்றுதான் இருந்தது.

"இவளை நீங்களே வச்சுக்குங்க," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "ஜன்னல்கிட்ட இவளைத் தூக்கிட்டு நின்னுட்டிருந்தேன். எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. எனக்கே என்னைப் பார்த்தா பயமா இருக்கு."

மாடி ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தான். அன்றிலிருந்து அவன் தலையில் ஒரே ஒரு விஷயம்தான் ஓடியது. இவள் தூங்கினால்தான் அவள் தூங்குவாள். அவள் தூங்கவில்லையென்றால் இந்த வீட்டில் ஏதோ ஒன்று நடந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் திரைகள் வந்தன.

ஊரில் இருந்த பெரிய நாடக அரங்கைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அதன் வெல்வெட் திரைகள் எல்லாம் சலவைக்கு இங்கே வந்தன. கம்பளி மாதிரி கனம், ரத்தச் சிவப்பு நிறம். நான்கைந்து முறை போட்டதுமே மெஷினில் உலர்த்துகிற பாகம் படுத்துக்கொண்டது. அலசும், ஆனால் உலர்த்தாது. பாகம் வெளியூரிலிருந்து வரவேண்டும், அரங்குக்காரர்களோ அவசரப்படுத்துகிறார்கள். முதலாளி யோசித்தார். ஈரத்தோடு எடுத்துப் பின்னறையில் தொங்கவிடு, தானாகக் காய்ந்துகொள்ளட்டும் என்றார். ஜன்னலைத் திறக்காதே, தெருப் புழுதி பட்டால் வெல்வெட் பாழ் என்றும் சொன்னார். மடிப்பு சொன்னபடி செய்தான். அறை நெடுக, தரையைத் தொடுகிற மாதிரி, வரிசை வரிசையாகத் தொங்கவிட்டான்.

மறுநாள் தெருவில் மெஷின் கடை வாசலுக்கே வந்துவிட்டது. சங்கு உச்சத்தில் இருந்தாள். மடிப்பு, துணி தள்ளுகிற சக்கரக் கூடையில் துண்டுகளைப் பரப்பி, அவளை அதில் போட்டு, சத்தத்திலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போனான். போய் நின்ற இடம் பின்னறை. திரைகளுக்கு நடுவே கூடையை நுழைத்ததும் தெருச் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கியது. மங்கிய சிவப்பு வெளிச்சம். அவள் அழுதாள், கொஞ்சம் நிறுத்தினாள், மூக்கைச் சுருக்கி எதையோ யோசிப்பதுபோல் பார்த்தாள். பிறகு கொட்டாவி விட்டாள். அவன் கூடையை முன்னும் பின்னும் அசைத்தான். அசைத்துக்கொண்டிருக்கும்போதே கண் செருகித் தூங்கிப்போனாள். அவன் மூச்சுவிடப் பயந்து அங்கேயே நின்றான்.

அன்று மாலை வரை அவள் எழவில்லை. மனைவியும் மேலே அடித்துப் போட்டதுபோல் தூங்கி எழுந்து, முகம் கழுவி, தலை பின்னிக்கொண்டு இறங்கி வந்தாள். கூடையை எட்டிப் பார்த்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். திரையின் கனம்தான் காரணம் என்று அவளுக்கு விளக்கினான். இருட்டும் அமைதியும், வயிற்றுக்குள் இருந்த மாதிரியே இருக்கும் போலிருக்கிறது என்றான். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது, பாருங்கள்.

அதன்பிறகு வீடே மாறிவிட்டது. காலையில் பால் கொடுத்துக் கூடையில் போட்டுப் பின்னறைக்குத் தள்ளினால் போதும். மனைவி மறுபடியும் கிண்டல் பேச ஆரம்பித்தாள். அவன் மீசையைக் கேலி செய்தாள், முதலாளி போனில் கத்துவதை அப்படியே நடித்துக் காட்டினாள். அக்கம்பக்கத்தில் கைக்குழந்தை வைத்திருந்த ஒருத்தி வந்து, என்ன மந்திரம் போட்டீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனாள். மடிப்பு முதலாளியிடம், உலர்த்துகிற பாகம் மெதுவாகவே வரட்டும், அவசரமில்லை என்று சொன்னான். முதலாளி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பார்க்கிற கண்ணுக்கு எல்லாம் எதிரிலேயே இருந்தது. பின்னறை ஜன்னல் விளிம்பில் ஈக்கள் செத்துக் கிடந்தன. அவன் அவற்றைத் துணியால் துடைத்துப் போட்டுவிட்டு, இந்த அறையில் கொசுத் தொல்லைகூட இல்லை என்று சந்தோஷப்பட்டான். சங்கு பால் குடிக்கும்போதே தூங்கினாள், வாயோரம் வழிந்தது, சமத்து என்றார்கள். தெருவில் லாரி கல்லைக் கொட்டியபோது மேசையில் இருந்த தண்ணீர் டம்ளர் அதிர்ந்தது, அவள் இமை அசையவில்லை. பழகிவிட்டாள் என்றார்கள். மனைவிக்குச் சாயங்காலம் ஆனால் தலை கனத்தது. இத்தனை நாள் தூக்கம் கெட்டதன் பாக்கி என்றார்கள். எதற்கும் அவர்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. நிம்மதி வந்துவிட்டால் மனுஷனுக்குக் காரணமா கிடைக்காது?

இடையில் காய்ந்த திரைகளைச் சுருட்டி மூலையில் அடுக்கிய இரண்டு நாள் பின்னறை வெறுமையாகக் கிடந்தது. அந்த இரண்டு நாளும் சங்கு பழைய கணக்குக்கும் சேர்த்து ஊதினாள். கூடையில் போட்டால் அழுதாள், அதே அறைக்குத் தள்ளிப்போனாலும் அழுதாள். மனைவியின் முகத்தில் பழைய வெறிப்பு வந்ததை மடிப்பு கவனித்தான். அடுத்த கட்டு வந்ததும், வழக்கமாக முதலில் வேறு வேலையை முடிப்பவன், திரைகளை முதலில் மெஷினில் போட்டான். சொட்டுகிற ஈரத்தோடு தொங்கவிட்டான். அரை மணியில் அவள் அடங்கினாள். அவன் கடவுளுக்கு நன்றி சொன்னான்.

அந்த வாரம் மனைவியின் அக்கா வந்தாள். அவளுக்கு மீன் மார்க்கெட்டில் வேலை, மீன் வெட்டிச் சுத்தம் செய்து கொடுக்கிற மேடையில் நாள் பூராவும் நிற்பாள். நல்ல சோப்பாகப் போட்டுக் குளித்து, இருப்பதில் நல்ல துணியை உடுத்திக்கொண்டு, தங்கை பெண்ணுக்குத் தொப்பி ஒன்று பின்னி எடுத்து வந்திருந்தாள். பின்னறை வாசலில் கால் வைத்தவள் அப்படியே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன மாப்பிள்ளை இது, இனிப்பா ஒரு நாத்தம். தலையைச் சுத்துது," என்றாள்.

மடிப்பு நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. சிரிப்புதான் வந்தது. "நாள் பூரா மீனோட நிக்கறவங்க நீங்க. எங்க இடம் நாறுதுன்னு நீங்க சொல்றீங்களே அக்கா."

தங்கையும் சேர்ந்து சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கினாள். தலை அவள் கையில் சரிந்தது. உள்ளங்காலைச் சுண்டினாள். கொஞ்சம் தாமதமாக ஒரு கண் திறந்தது, யாரையும் பார்க்காமல் மூடிக்கொண்டது.

"இது தூங்குற பிள்ளை மாதிரி இல்ல. மயங்கிக் கிடக்கற மாதிரி இருக்கு," என்றாள்.

மடிப்புக்கு மூக்கின் நுனியில் கோபம். இத்தனை நாள் இந்தக் குழந்தை கத்தியபோது யாரும் எட்டிப் பார்க்கவில்லை, இப்போது நன்றாகத் தூங்குவது கண்ணை உறுத்துகிறதா என்று கேட்டுவிட்டான். அக்கா போய் ஜன்னலைத் திறந்தாள். புழுதி பொங்கிக்கொண்டு வந்தது. அவன் ஓடிப்போய்ச் சாத்தினான், ஈர வெல்வெட்டில் புழுதி ஒட்டினால் யார் ஜவாப்தாரி என்று கத்தினான். அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை தரையைப் பார்த்தபடி, இப்போதுதான் நான் மனுஷியாக இருக்கிறேன், கெடுத்துவிடாதே என்று மெதுவாகச் சொன்னாள்.

அக்கா தொப்பியைக் கூடை விளிம்பில் வைத்தாள். வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள்.

"என் மேல அடிக்கிற மீன் நாத்தம் எனக்குத் தெரியாது மாப்பிள்ளை. பஸ்ல பக்கத்துல உட்கார்ந்தவங்க எழுந்து போனாத்தான் தெரியும். உங்களுக்குத் தெரியலைங்கறதுக்காக இங்க ஒண்ணும் இல்லைன்னு ஆயிடாது."

போய்விட்டாள். அவன் அன்று முழுக்க அவளைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே இஸ்திரி போட்டான். ஒரு சட்டையில் மடிப்பு கோணலாக விழுந்தது. அப்படி விழுந்தது அவன் கைக்கு அபூர்வம்.

கடைசியாக வந்தது அரங்கின் முன்திரை. இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாக மெஷினில் திணித்து எடுக்க வேண்டியிருந்தது. ஈரத்தோடு தூக்க அவனும் முதலாளியும் சேர்ந்தும் நாக்குத் தள்ளியது. தொங்கவிட்டதும் பின்னறையின் சுவர்களே தெரியவில்லை. கீழ்விளிம்பிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை காய்ந்த திரைகளை எல்லாம் வேனில் ஏற்றி, அரங்குக்குப் போய் மாட்டிக் கொடுக்க வேண்டும். கடைக்கு அன்று விடுமுறை. புழுதி வரும் என்பதால் முன்பக்க ஷட்டரை இழுத்துவிட்டுப் போகலாம் என்றார் முதலாளி.

கிளம்பும்போது மடிப்பு தானே கூடையைப் பின்னறைக்குத் தள்ளி, இரண்டு பாதிக்கும் நடுவில் நிறுத்தினான். சங்கு விழித்துக்கொண்டு அவன் விரலைப் பிடித்திருந்தாள். அவள் பிடி தளரும்வரை காத்திருந்துவிட்டு விரலை உருவிக்கொண்டான்.

"இன்னிக்குப் பெரிய திரை ரெண்டும் உள்ள இருக்கு, நல்லா தூங்குவா," என்றான் மனைவியிடம். "மேல போக வேண்டாம். நீயும் இங்கயே கூட படுத்துக்க."

அரங்கின் மேடைக்கு மேலே கூரை இன்னும் போட்டு முடிக்கவில்லை. சாரத்தில் ஏறி நின்றால் நான்கு பக்கமும் காற்று. மடிப்பு வளையங்களை ஒவ்வொன்றாகக் கம்பியில் கோத்தான். மத்தியானம் அவனுக்கு அகோரப் பசி எடுத்தது. அப்படிப் பசித்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவனுக்கே வேடிக்கையாக இருந்தது. தொப்பி மாதிரி எப்போதும் தலையில் உட்கார்ந்திருக்கும் பாரமும் இல்லை. மழை வரப்போகிற மண்வாசனை, யாரோ குடிக்கிற காப்பியின் வாசனை, மரத்தூளின் வாசனை என்று ஒவ்வொன்றாக வந்து மூக்கில் ஏறின. வீடும் கடையும் ஒன்றாக இருந்ததில் விடுமுறை நாளில்கூட அந்தக் கட்டிடத்தைவிட்டு ஒரு நாள் முழுக்க வெளியே இருந்ததில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

கீழே தச்சர் ஒருவர் சுருட்டி வைத்த திரையைப் பிரித்தார். பிரித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார்.

"துணி பளபளன்னுதான் இருக்கு," என்றார். "என்ன மருந்துய்யா போட்டீங்க? கண்ணு எரியுது."

அது காய்ந்து நாளான திரை. மடிப்பின் கை வளையத்தில் நின்றது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற நிலை கண்ணுக்குள் வந்தது. போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தூங்குகிறாள், நல்லதுதானே என்று சொல்லிக்கொண்டான். மறுபடி கூப்பிட்டான். ஓய்ந்தது. முதலாளி கீழேயிருந்து, பிள்ளை பெற்றவள் அசந்து தூங்குவாள், அவளை எதற்கு எழுப்புகிறாய், மீதியை மாட்டு என்றார். இன்னொரு திரையை மாட்டினான். அதை மாட்டியதை நினைத்துப் பிற்பாடு எத்தனையோ நாள் தன் கைகளை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது முறையும் போன் எடுக்கப்படவில்லை. சாரத்திலிருந்து இறங்கி, வண்டியை எடுங்கள் என்று முதலாளியிடம் சொன்னான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவர் வண்டியை எடுத்தார்.

தெருவில் தடதடப்பு நிற்கவில்லை. ஷட்டரைத் தூக்கினான். தூக்கியதும் அது அவன் முகத்தில் அறைந்தது.

இனிப்பாக, கனமாக, தொண்டைக்குள் எண்ணெய் பூசுவதுபோல் இறங்கியது. இந்த நாற்றம் அவனுக்குத் தெரியும். இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இதே வாசலில் தலை சுற்றி வாந்தி எடுத்திருக்கிறான். அப்போதிருந்த மெஷின்காரர் முதுகைத் தட்டிச் சிரித்து, ஒரு வாரம் பொறுத்துக்கொள், மூக்கு செத்துப்போகும், பிறகு ஒன்றும் தெரியாது என்றார். செத்துப்போன மூக்கு இன்று காற்றில் பிழைத்து வந்திருந்தது. ஐயோ என்று மட்டும்தான் அவனுக்கு வாயில் வந்தது. உள்ளே ஓடினான்.

மனைவி பின்னறை வாசலில், தரையில் விரித்த போர்வையின் மேல் படுத்திருந்தாள். உலுக்கியதும் முனகினாள். முதலாளி அவளைத் தோளோடு பிடித்து வெளியே இழுத்தார். மடிப்பு இரண்டு பாதித் திரைக்கும் நடுவே நுழைந்தான். ஈர வெல்வெட் இரண்டு கன்னத்திலும் உரசியது. கூடையில் சங்கு மல்லாந்து கிடந்தாள். பெரியம்மா பின்னிய தொப்பி நழுவி ஒரு கண்ணை மூடியிருந்தது. வாய் சிறிது திறந்திருந்தது. இவ்வளவு அழகாக அவள் தூங்கி அவன் பார்த்ததே இல்லை. அள்ளி எடுத்துச் சட்டையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, இஸ்திரி மேசையை இடித்துத் தள்ளி, தெருவுக்கு ஓடினான்.

தோண்டிப் போட்ட மண்மேட்டில் உட்கார்ந்தான். உள்ளங்காலைச் சுண்டினான். முதுகைத் தேய்த்தான். முகத்தில் ஊதினான். ஒன்றும் இல்லை. காங்கிரீட் உடைத்துக்கொண்டிருந்தவர் அவனைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினார். அடுத்தவரும் நிறுத்தினார். எத்தனையோ வாரம் கழித்துத் தெரு அமைதியானது. குழந்தை தூங்கட்டும் என்று எத்தனை முறை அவன் இந்த அமைதிக்காகக் கெஞ்சியிருக்கிறான்.

"சங்கு. ஊதுடி. ஊதுடி அம்மா," என்றான்.

வேலைக்காரர்கள் மண்வெட்டியோடு சுற்றி நின்றார்கள். அவன் மறுபடி காலைச் சுண்டினான், இந்த முறை வலிக்கிற மாதிரி. அவள் மார்பு ஒருமுறை குழிந்து எழுந்தது. பூனைக்குட்டி போல் ஒரு சத்தம் வந்தது. சங்கு இல்லை, சங்கில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. முதலாளி வேனின் கதவைத் திறந்துகொண்டு கத்தினார்.

ஆஸ்பத்திரியில் அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூக்கில் குழாய் போட்டார்கள். மனைவிக்கும் போட்டார்கள். இருவருக்கும் நடுவே ஒரு நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். டாக்டரம்மா வந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். அந்த மருந்தின் ஆவி காற்றைவிடக் கனம், மேலே போகாது, தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும் என்றாள். கூடை எவ்வளவு உயரம் இருக்கும் என்று கேட்டாள். அவன் கையை முழங்காலுக்கு நேரே வைத்துக் காட்டினான். அவள் அதைக் குறித்துக்கொண்டாள். பிழைத்துக்கொள்வாள் என்றுதான் நினைக்கிறோம், ஆனால் இத்தனை நாள் சுவாசித்ததால் என்ன ஆகியிருக்கிறது என்பது வளர வளரத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விடிந்ததும் அக்கா வந்தாள். அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் தங்கையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கால்களைப் பிடித்துவிட்டாள்.

கொஞ்சநேரம் கழித்துப் பெட்டிக்குள்ளிருந்து சன்னமாக ஒரு சத்தம் கிளம்பியது. ஏறியது. உச்சிக்குப் போய் அங்கேயே நின்றது. வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். இப்படிக் கத்துவதுதான் நமக்கு வேண்டும், இதைவிட நல்ல செய்தி கிடையாது என்றாள். மனைவி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். மடிப்பு எழுந்து நின்றான், எதற்கு எழுந்தான் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

குழாயை எடுத்தார்கள், சங்கை நிறுத்தத்தான் முடியவில்லை. நர்ஸ் தோளில் போட்டுத் தட்டினாள். அக்கா வாங்கி மடியில் ஆட்டினாள். தாயிடம் கொடுத்தார்கள், பால் குடிக்க மறுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊதினாள். அப்பாவிடம் கொடுங்கள், அவரிடம் போனால் உடனே அடங்கிவிடுவாள் என்று மனைவிதான் சொன்னாள்.

அவன் வாங்கித் தோளில் சாய்த்தான். சங்கு காலரில் மூக்கை வைத்துத் தேய்த்தாள். ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். இரண்டு விக்கல். அடங்கிவிட்டாள். உடம்பு அவன் மேல் துவண்டு படிந்தது.

"அட, அப்பா பொண்ணு," என்றாள் நர்ஸ்.

மடிப்பு அசையாமல் நின்றான். நேற்றுப் பின்னறைக்குள் நுழைந்த அதே சட்டை. தலையைக் குனிந்து தன் காலரை மோந்து பார்த்தான். இனிப்பாக, கனமாக இருந்தது. முதல் நாளிலிருந்து அவள் தேடியது தோளை இல்லை, அப்பனையும் இல்லை. அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எப்போதோ தெரிந்திருந்தது.

"பிடிங்க அக்கா," என்று குழந்தையைக் கொடுத்தான்.

தாழ்வாரத்துக் குழாயடியில் சட்டையைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்து, வாயை இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டான். கழுத்தையும் மார்பையும் தலைமுடியையும் சோப்புப் போட்டுத் தேய்த்தான். சிவந்து எரிகிறவரை தேய்த்தான். ஆஸ்பத்திரித் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து கையை நீட்டினான். வெற்றுத் தோளில் சங்குவைச் சாய்த்தான்.

அவள் கழுத்தில் மூக்கை வைத்தாள். இந்தப் பக்கம் தேடினாள், அந்தப் பக்கம் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. முகத்தைத் தூக்கி, மூச்சை இழுத்து, அவன் காதிலேயே ஊதினாள்.

நர்ஸ் கை நீட்டினாள், அவன் கொடுக்கவில்லை. தாழ்வாரத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தான். ஆட்டவில்லை, தட்டவில்லை. எதிரே வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். மனைவி சுவரைப் பிடித்தபடி வார்டு வாசல் வரை வந்து நின்றாள்.

"தூங்குவாளா?" என்று கேட்டாள்.

"தூங்க வேண்டாம்," என்றான்.